மாப்பிள்ளை போட்ட நாலு ஸ்டார்

வாங்க தம்பி, வாங்கம்மா. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. கை கழுவுற இடம் பின்னாடி இருக்கு. இதென்ன, செவுத்தப் பிடிச்சுக்கிட்டே போறீங்க? கால்ல ஏதும் அடியா? இல்லையா? பின்ன எதுக்கு? வழுக்கும்னு படிச்சீங்களா? எங்க, போன்லயா?

அட கெரகமே!

சரி, உக்காருங்க. சுக்கா இன்னும் செத்த நேரம் சுருளணும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு நியாயம் கேட்டுப்புடறேன். நீங்க வெளியூரு. உங்களுக்கு நானும் ஒண்ணுதான், அவனும் ஒண்ணுதான். உள்ளூர்ல எவன்கிட்டயும் நியாயம் கேக்க முடியல, பாதிப்பேரு சொந்தக்காரன், மீதிப்பேரு அவன்கிட்டப் படிச்சவன்.

அந்த வழுக்கும்னு எழுதினது யாரு தெரியுமா? என் தங்கச்சி நாகஜோதியோட புருஷன். தவமணின்னு பேரு. மேல்நிலைப் பள்ளியில தமிழ் வாத்தியாரு. சொந்த மச்சினன் கடைக்கு நாலு ஸ்டார் போட்டவன் அவன். அஞ்சுக்கு நாலு! மீதி ஒண்ணை எடுத்து அவன் வீட்டுப் பரண்ல போட்டு வச்சிருக்கான்.

இன்னைக்கு அவங்க வீட்டுல விசேஷம். என் மருமக நறுமுகைக்குக் காதுகுத்து. இங்க இருந்து ஆட்டோவில போனா பொசுக்குன்னு போயிரலாம், கண்மாய்க்கரையில மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். அந்தத் தாய்மாமன் யாரு? இந்தா, உங்க முன்னாடி துண்டப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்ல, நான்தான். காசிமாயன். சீர்த்தட்டெல்லாம் உள்ள அரிசி மூட்டை மேல வரிசையா அடுக்கி இருக்கு. பாப்பாவுக்குத் தங்கத்தோடு, இந்தா சட்டைப் பையில. பட்டு வேட்டி தேச்சு வச்சிருக்கு. பன்னெண்டு அடிச்சா எமகண்டம், அதுக்குள்ள குத்தியாகணும். ஆனா நான் போகல. அவன் அந்த நாலை அஞ்சாக்கட்டும், அடுத்த நிமிஷம் கிளம்பறேன். சொல்லி அனுப்பிச்சாச்சு.

தம்பி, உங்க போன்ல நெட்டு இருக்குல்ல? என் போன்ல இன்னைக்கு உள்ளது தீந்துபோச்சு. விடிஞ்சதுல இருந்து இதையே தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துத் தீத்துப்புட்டேன். கொஞ்சம் நம்ம கடையை எடுத்துப் பாருங்க. மாறிருச்சா? இன்னும் நாலுதானா? சரி. இருக்கட்டும். நேரம் இருக்குல்ல, எங்க போயிருவான்.

மொதல்ல இருந்து சொல்றேன். இந்தப் போன்ல வர்ற மேப்பு கீப்பெல்லாம் எனக்கு என்ன தெரியும்? மூணாறு போறவன், தேக்கடி போறவன், அம்புட்டுக் காரும் இந்த ரோட்டுலதான் போகுது. ஒருத்தன்கூட நிக்க மாட்டேங்கிறான். எதுத்தாப்புல புதுசா வந்தவன் கடையில மட்டும் வரிசையா நிக்கிறானுக. என்னடான்னு பாத்தா, பக்கத்துல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குல்ல ஹசீனா, அந்தப் புள்ளைதான் சொல்லுச்சு. "அண்ணே, உங்க கடையை மேப்புல தேடினா கண்மாய்க்கு நடுவுல காட்டுது. வர்றவங்க தண்ணியைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க"ன்னு. ஆத்தாடி, அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, அடிக்கடி எவனாச்சும் கரையில நின்னுக்கிட்டு "ஹோட்டல் எங்கங்க"ன்னு போன் போடுவான், நான் குடிகாரப் பயகன்னு நினைச்சு வைடா போனைன்னு வஞ்சிருக்கேன்.

ஹசீனா உக்காந்து இடத்தைச் சரி பண்ணுச்சு. நம்பரைச் சரி பண்ணுச்சு. நல்ல புள்ளைதான், ஆனா யாவாரம் தெரியாது. "திறக்கிற நேரம், மூடுற நேரம் சொல்லுங்க"ன்னுச்சு. நான் ராப்பகலா திறந்திருக்கும்னு போடச் சொன்னேன். வேணாம்ணேன்னுச்சு. போடு புள்ளை, கெத்தா இருக்கும்னேன். விடியக்காலம் கேரளாவுக்குப் போற வேனு ஒண்ணு வந்து கதவைப் பேக்குற மாதிரி தட்டுறானுக, புட்டு இருக்கான்னு. அப்புறம் போட்டோ. சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடலாம்ணேன்னு அது சொல்லுது. சாப்பாட்டை எவன் பாப்பான்? முதலாளி முகம் லட்சணமா இருக்கணும்ல? என் தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது, கழுத்துல மாலையோட கையெடுத்துக் கும்பிடுற படம், அதைப் போடச் சொன்னேன். ஒரு கிழவி போன் பண்ணி, முதியோர் பென்சனுக்குச் சிபாரிசு பண்ணுங்கய்யான்னு அழுகுது.

சிரிக்காதீங்கம்மா. நல்ல படம்தான் அது.

அப்புறம் இந்த ஸ்டாரு. ஹசீனா என்ன சொல்லுது? "சாப்பிட்டவங்க அவங்களாவே உண்மையா ரெண்டு வரி எழுதினா போதும்ணே, அது ஆளை இழுத்துட்டு வரும்"னு. அது எப்ப எழுதி, எப்ப ஆளு வந்து? நம்ம ஊரு வழக்கம் நமக்குத் தெரியாதா? நீங்க எந்த ஊரு, ஈரோடா? உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் மொய்யின்னா உசுரு. உன் வீட்டு விசேஷத்துக்கு நான் செஞ்சா, என் வீட்டு விசேஷத்துக்கு நீ செய்யணும். செய்யாட்டி ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியாது. இதையே ஸ்டாருக்கு வச்சா என்னன்னு தோணுச்சு எனக்கு. எவனுக்கும் தோணல பாருங்க!

ஒரு ஞாயித்துக்கிழமை கடைவீதிக்காரங்க அத்தனை பேரையும் கூப்பிட்டுப் பிரியாணி போட்டேன். இலையைப் போட்டுட்டு, எல்லாரும் போனை எடுங்கப்பான்னேன். உரக்கடை, டெய்லரு, இரும்புக்கடை, பாத்திரக்கடை, எல்லாரும் எனக்கு அஞ்சு, நான் எல்லாருக்கும் அஞ்சு. ஒரே பந்தியில முடிஞ்சுபோச்சு. என்ன, அவசரத்துல எழுதினதுல கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருச்சு. உரக்கடைக்கு நான் "சூப்பர் டேஸ்ட்"னு போட்டுட்டேன். அவரு எனக்கு "விளைச்சல் அமோகம்"னு போட்டுருக்காரு. டெய்லரு "அளவு கச்சிதம்"னு எழுதிட்டாரு, அது சாப்பாட்டுக்கும் பொருந்தும்தான், விடுங்க. அமரர் ஊர்தி வச்சிருக்காருல்ல ஒருத்தரு, அவருக்கும் அஞ்சு போட்டேன். கீழ "குடும்பத்தோடு மறுபடி வருவேன்"னு பழக்கத்துல அடிச்சுட்டேன். அன்னையில இருந்து அவரு என்னைப் பாத்தா ஒரு மாதிரியாத்தான் சிரிக்கிறாரு.

இந்தா இலை வந்துருச்சு. தண்ணி தெளிச்சுக்கங்க. சோறு போடறேன். சாம்பார்? வேணாமா? அம்மாவுக்கு? உங்களுக்கும் வேணாமா? என்ன காலமோ தெரியல தம்பி, இந்த ரெண்டு மாசமா கார்ல வர்றவங்க ஒருத்தரும் சாம்பாரே ஊத்திக்க மாட்டேங்கிறாங்க. எல்லாரும் சுக்கா சுக்காங்கிறாங்க. ரெண்டு மாசமாக் கூட்டம் அப்படி, ஆனா சாம்பாரு மட்டும் அண்டாவோட மிஞ்சுது. நாகரிகம் முத்திப்போச்சு.

எங்க விட்டேன்? ஆங், மாப்பிள்ளை. ஊரெல்லாம் போட்டாச்சு, நம்ம மாப்பிள்ளை போடலைன்னா நல்லா இருக்காதேன்னு நான்தான் போயிக் கேட்டேன். என் கெட்ட நேரம். "மாப்ள, நீயும் ஒண்ணு போட்டுவிடு"ன்னேன். நல்ல மனுசன்னா அங்கயே போனை எடுத்துக் குத்திட்டு வாங்க மச்சான் காப்பி சாப்பிடுவோம்னு சொல்லுவானா இல்லையா? இவன் என்ன சொல்றான், "சாப்பிட்டுப் பார்த்துத்தான் மச்சான் போட முடியும்"ங்கிறான். பத்து வருசமாச் சாப்பிடுறான்யா நம்ம வீட்டுல!

வந்தான். தனியா வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கிற இதே பெஞ்சுல உக்காந்தான். பேசாமச் சாப்பிட்டான். எல்லாத்தையும் தொட்டு வச்சுப் பாத்தான், சோத்தைப் பெசஞ்சு பாத்தான், கை கழுவுற இடத்துல ரெண்டு தரம் காலைத் தேய்ச்சுப் பாத்தான். எந்திரிச்சு, காசைக் குடுத்துட்டுப் போறான்! தங்கச்சி மாப்பிள்ளை, மச்சினன் கடையில காசு குடுத்துட்டுப் போறான் தம்பி! வீட்டுக்குப் போயி எழுதியிருக்கான். அந்தப் போனைக் குடுங்க, நான் படிக்கிறேன். வேணாம், படிக்க வேணாம், எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு.

"சோறு பதம். ஆட்டுக்கறிச் சுக்கா மிகச் சிறப்பு. சாம்பாரில் உப்பு முன்னால் நிற்கிறது. கை கழுவும் இடம் வழுக்கும், முதியோர் கவனம். உரிமையாளர் அன்பாகப் பரிமாறுவார். சற்று அதிகமாகப் பேசுவார்."

நான் அதிகமாப் பேசுறேனாம்! சொல்லுங்க தம்பி, நீங்க வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க, நான் அதிகமாவா பேசுறேன்? அம்மா, நீங்க சொல்லுங்க. சரி, வாயில சோறு இருக்கு, அப்புறம் சொல்லுங்க.

விட்டேனா? நேரா ஸ்கூலுக்கே போயிட்டேன். பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தான். என்னய்யா மாப்ள இதுன்னேன். அவன் பேனாவை மூடி வச்சுட்டு அமைதியாச் சொல்றான்: "மச்சான், என் சர்வீஸ்ல நான் யாருக்கும் நூத்துக்கு எண்பதுக்கு மேல போட்டதில்ல. மாவட்டத்துல முதல் மார்க் வாங்கின பிள்ளைக்கே எழுபத்தெட்டுதான் போட்டேன். அஞ்சுக்கு நாலுன்னா எண்பது. உங்களுக்குப் போட்டதுதான் நான் போட்டதுலயே பெருசு. சந்தோசப்படுவீங்கன்னுல நினைச்சேன்." சந்தோசமாம்! யோவ், இது என்ன தமிழ்ப் பரீட்சையா? ஆட்டுக்கறிய்யா இது! செய்யுளுக்குப் பொருளா எழுதியிருக்கேன் நான்? அதுக்கு அவன், "முழு மார்க் போட்டா அது பொய்யாயிரும் மச்சான், படிக்கிறவன் நம்ப மாட்டான்"ங்கிறான். உரக்கடைக்காரன் போடலையா? அமரர் ஊர்திக்காரன் போடலையா? அவங்களை எல்லாம் நம்புறான், உன்னை நம்ப மாட்டானா?

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவன்தானே அவன்? சொந்த மச்சினன் கடையில உப்பைப் பாத்திருக்கான். எனக்கு அந்த மாதிரி புத்தி கிடையாது. நான் உறவுன்னா உசுரையும் குடுப்பேன். ஒரே ஒரு ஸ்டாருதான் கேட்டேன்.

இதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு கேளுங்க. அந்த வாரமே மேப்புக் கம்பெனிக்காரன் நம்ம கடைவீதி ஸ்டாரு அம்புட்டையும் அழிச்சுப்புட்டான். அம்புட்டும்! ஒரே இடத்துல இருந்து ஒரே நேரத்துல விழுந்ததாம், போலின்னு எடுத்துட்டானாம், ஹசீனா சொல்லுது. பிரியாணி போட்டது போலியா? மிஞ்சி நிக்கிறது எது? இவன் போட்ட நாலு மட்டும். ஒத்தையா நிக்குது, சாம்பார்ல உப்புன்னு சொல்லிக்கிட்டு. இவன்தான் எழுதிப் போட்டிருப்பான் கம்பெனிக்கு, எனக்குத் தெரியும். வாத்திமாருக்கு மனு எழுதச் சொல்லியா குடுக்கணும்?

என்ன தம்பி? என்னமோ சொல்ல வந்தீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் வந்தீங்களா? எதை, நாலையா? சாம்பார்ல உப்புன்னு எழுதினவன் சுக்காவைப் பத்திப் பொய் சொல்ல மாட்டான்னு அம்மா சொன்னாங்களா?

அட, அம்மா சும்மா சொல்றாங்க. பசி, வண்டியை நிறுத்தினீங்க. கமகமன்னு வாசம் ரோடு வரைக்கும் வந்துருக்கும். இன்னொரு கரண்டி சுக்கா வச்சுக்கங்க. இந்த ரெண்டு மாசக் கூட்டமும் என் கைராசியால வந்ததுதான், வேற ஒண்ணுமில்ல.

இப்ப ஒரு தரம் பாருங்களேன். இன்னும் நாலா? மணி என்ன ஆச்சு? ம். வரும், வரும். மாத்தாம என்ன பண்ணுவான்? தாய்மாமன் இல்லாம எப்படிக் குத்துவான்?

பத்திரிகை வைக்க ஜோதி தனியாத்தான் வந்தா. வெத்திலை பாக்கு, பழம் எல்லாம் தட்டுல வச்சு, இந்தா இந்த வாசல்லதான் நின்னா. எங்களுக்கு அப்பா ஆத்தா இல்ல தம்பி. அவளுக்குப் பிறந்த வீடுன்னா நான்தான். இந்தக் கடைதான். கல்லாவுல உக்கார வச்சுத்தான் அவளை வளத்தேன். "அண்ணே, நறுமுகை மாமா மடி, மாமா மடின்னு ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டுத் திரியிது. நீ வந்துரு"ன்னா. உன் புருசன் அஞ்சாக்கட்டும், வர்றேன்னேன். அவ சிரிச்சுட்டா. வெளாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டா. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தா. "அண்ணே, உனக்காச்சும் நாலு. என் குழம்புக்கு அவரு இன்னைக்கு வரைக்கும் மூணைத் தாண்டினதில்ல. நான் குடும்பம் நடத்தலையா? அவரு வாய் அப்படி, மனசு அப்படி இல்லண்ணே"ன்னா. "ஒரு ஸ்டாருக்காண்டி என் பிள்ளையை அனாதையா உக்கார வைக்கவாண்ணே?"ன்னு கேட்டா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கும் போயிரலாம்னுதான் தோணுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா விட்டுக்குடுத்தா கடைவீதியில எவன் மதிப்பான்? மாப்பிள்ளையே நாலு போட்டான், இவனும் போயி சீர் செஞ்சுட்டு வந்துட்டான்னு பேச மாட்டானா? தட்டை வாங்கி வச்சுக்கிட்டு, வாத்தியார்கிட்டச் சொல்லுன்னு அனுப்பிட்டேன்.

என் பொண்டாட்டி தங்கப்பேச்சி காலையிலயே சேலையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. "நீ உன் ஸ்டாரைக் கட்டிக்கிட்டுக் கிட"ன்னு சொல்லிட்டுப் போறா. பாருங்க, வீட்டுலயே எனக்கு ஆதரவில்ல.

மோர் ஊத்தவா? ஊத்திக்கங்கம்மா, வெயிலுக்கு நல்லது. தம்பி, கோவிச்சுக்காம இன்னொரு தரம்...

என்ன? அஞ்சா? எங்க காட்டுங்க! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு! அஞ்சுதான்! ஏ மாரி, அடுப்பை அமத்திட்டு வாடா, தட்டை எல்லாம் எடு, ஆட்டோவைக் கூப்பிடு! நான் சொல்லல? சொன்னேன்ல? தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும் தம்பி! என் மாப்பிள்ளை தங்கம். வாத்தியாரு இல்லையா, படிச்ச மனுசன், கடைசியில புரிஞ்சுக்கிட்டான். கீழ என்ன எழுதியிருக்கான்? ஒண்ணும் எழுதலையா? பழைய எழுத்தும் இல்லையா? சுக்கா சிறப்புன்னு இருந்துச்சே, அதுவும் இல்லையா? சரி போகுது, எழுத்து யாருக்கு வேணும். அஞ்சு இருக்குல்ல.

இருங்க, ஜோதிக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிடறேன்.

ஜோதி! பாத்துட்டேன் தாயி, பாத்துட்டேன். இந்தா வேட்டியை மாத்திட்டுக் கிளம்பிட்டேன். பாப்பாவைத் தயாரா வச்சிரு. ஆசாரியை... என்ன? என்னத்தா சொல்ற? குத்தியாச்சா? எப்ப? இன்னும் எமகண்டமே பொறக்கலையே! யாரு மடியில? அவ மடியிலயா? சரி... சரி, அத்தை மடிதானே, தப்பில்ல. தோடு என்கிட்டல்ல இருக்கு, தோட்டுக்கு என்ன பண்ணீங்க?

ம்.

ம். நீயா? நீயா போட்ட?

ஜோதி. ஏத்தா, இரு. இரு, வச்சிராத. ஜோதி!

வச்சுட்டா.

ஒண்ணுமில்ல தம்பி. நீங்க சாப்பிடுங்க. காது குத்தியாச்சாம். ஆசாரி அவசரப்படுத்தினாராம், ரொம்ப நேரம் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். என் பொண்டாட்டி மடியில உக்கார வச்சிருக்காங்க. தோடு இல்லாததுக்கு வேப்பங்குச்சியை உடைச்சுச் சொருகியிருக்காம். பிள்ளை அழுகவே இல்லையாம், மாமா வரலையா, மாமா வரலையான்னு கேட்டுக்கிட்டே காதைக் குடுத்துச்சாம்.

அஞ்சு போட்டது மாப்பிள்ளை இல்லையாம். அவன் பந்தியில நிக்கிறப்ப அவன் போனை எடுத்து ஜோதிதான் போட்டிருக்கா. காது குத்தி முடிஞ்ச பிறகு போட்டிருக்கா. அவனுக்கு இன்னும் தெரியாதாம். "உனக்கு வேண்டியது வந்துருச்சுல்லண்ணே, வச்சுக்க. இனி நீ வர வேணாம்"னு சொல்றா. கத்தல, அழுகல. கத்தியிருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன் தம்பி.

மாரி, ஆட்டோ வேணாம்டா. தட்டை உள்ள வை.

தம்பி, இதை மறுபடியும் நாலாக்கணும்னா எங்க அமுக்கணும்? நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க. நாலு போதும். அந்த எழுத்தும் இருக்கட்டும், வழுக்குறது, உப்பு, நான் பேசுறது, எல்லாம் இருக்கட்டும். என்ன, நம்மால மாத்த முடியாதா? யாரு போட்டாங்களோ அவங்கதான் மாத்தணுமா?

அப்ப அவகிட்டத்தான் கேக்கணும். மறுபடி அடிக்கிறேன், இருங்க.

ரிங்கு போகுது. எடுக்க மாட்டேங்கிறா.